மத்த காலையும் நீட்டுங்க

தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று என் மனைவி இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் யாரும் இதை யோசிப்பதில்லை. வயிறு கொஞ்சம் முன்னால் வந்து, முழங்கால் மடங்க மறுக்கும் வயதில், சர்க்கரையும் சேர்ந்துகொண்டால், சொந்தக் கால் அசலூர் மாதிரி ஆகிவிடுகிறது. இருக்கிறது என்று தெரியும். போய்ப் பார்க்க முடியாது.

என் பெயர் சவரிமுத்து. தென்காசிப் பக்கம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்காசிக்கும் மதுரைக்கும் இடையில் நின்றுகொண்டே என் ஆயுசில் பாதி போய்விட்டது. மாதா எனக்குச் செய்ததை உங்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டார். எனக்கு மேடையில் பேச வராது என்றேன். பஸ்ஸில் கத்திய வாய்தானே, பேசும் என்றார். ஊர்ப் பெயரைக் கத்துவது வேறு, சொந்தக் கதையைச் சொல்வது வேறு. அழுதுவிடுவேன் என்று பயம். அதனால் எழுதித் தருகிறேன்.

என் மனைவி பெயர் ஆரோக்கியம். எனக்குச் சர்க்கரை முற்றி, காலில் சூடு, குளிர், வலி எதுவும் தெரியாமல் போனபோது, தினமும் ஒருவர் இந்தக் காலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதை அவள் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். சாயங்கால ஜெபம் முடிந்ததும் என்னை நாற்காலியில் உட்கார வைப்பாள். என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும், "பாஸ்" என்று சொல்லிக் காலைத் தட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத பாஸ் எல்லாம் அவளிடம்தான் கிடைத்தது.

சென்ற வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. பெயரில் இருந்த ஆரோக்கியத்தை எல்லாம் எனக்கே செலவழித்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு வீடு எப்படி இருந்தது என்று, துணையை இழந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. டிவியை ஓடவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருப்பேன், யாரோ பேசுகிற சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், பெண்கள் வருகிற வாசலைப் பார்த்துக்கொண்டு செத்த நேரம் நிற்பேன். பழக்கம். பிறகு நினைவு வந்து நடந்துவிடுவேன்.

மகள் புனேயில் இருக்கிறாள். தினமும் போன் பண்ணி, "கால் பாத்தீங்களாப்பா?" என்று கேட்பாள். பார்த்தேன் என்பேன். எங்கே பார்த்தேன்? தரையில் கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரே ஒரு நாள் செய்தேன். கண்ணாடியில் என் உள்ளங்கால் தெரிந்தது. அதற்குப் பின்னால், குனிந்து பார்க்கிற என் முகமும் தெரிந்தது. அந்த வீட்டில் என் காலைப் பார்க்க என் முகத்தை விட்டால் வேறு முகம் இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து அலமாரியின் மேல் வைத்துவிட்டேன்.

எங்கள் பங்கிலிருந்து வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து போவது உங்களுக்குத் தெரியும். நானும் ஆரோக்கியமும் ஒரு வருடம்கூட விட்டதில்லை. காவி கட்டினால் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். என்னை மட்டும் அவள் கழற்ற விடமாட்டாள். மாதா கேட்டது உங்க மனசை, காலை இல்லை என்பாள். அந்த வருடம் கூட்டத்தார் வந்து கூப்பிட்டபோது, நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கூட்டத்தில் நடந்தால் எல்லாரும் என் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தைப் பார்ப்பார்கள். நல்ல மனதோடுதான் பார்ப்பார்கள். ஆனாலும் பார்ப்பார்கள்.

அவர்கள் போன பிறகு எனக்கு வீட்டில் இருக்கவும் முடியவில்லை. அவளுடைய ஜெபமாலையை மாதாவின் காலடியில் வைக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். மகளிடம் சொல்லாமல், காவி வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, செருப்போடு தனியாகக் கிளம்பிவிட்டேன். ஆவணி மாதம். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது.

கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி. இந்தப் பெயர்களை எல்லாம் நான் எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன். எனக்கு அவை எல்லாம் வெறும் ஸ்டேஜ்கள். விசில் அடித்தால் நிற்கும், விசில் அடித்தால் போய்விடும். நடந்து போனபோதுதான் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், நான் கேட்காமலே பழத்தை நசுக்கி உப்புத் தண்ணீரில் பிழிந்து கொடுத்தார். வாசுதேவநல்லூரில் ஒரு பெண் என் பாட்டிலை வாங்கிப் பானைத் தண்ணீர் நிரப்பித் தந்தார். சிவகிரியில் கல்யாண மண்டபத்துக் காவல்காரர் படுக்க இடம் கொடுத்து, தனக்கு ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். ஒருவரும் ஊரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. காவி கட்டி நடக்கிறவன் அவர்களுக்குச் சாமி. அவ்வளவுதான்.

ஆனால் எல்லாரும் தவறாமல் ஒன்று கேட்டார்கள். "தனியாவா சாமி?"

அன்பாகத்தான் கேட்டார்கள். நானும் எத்தனையோ பேரிடம் எத்தனை டிக்கெட் என்று கேட்டவன்தான். ஒன்று என்று சொல்லும்போது சிலருடைய குரல் ஏன் இறங்கியது என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது நானே ஒவ்வோர் ஊரிலும் ஆமா, தனியாத்தான் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர்கள் சாமியை வரவேற்றார்கள். சவரிமுத்துவை யாருக்கும் தெரியாது. கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள், நான் மறுபடியும் ரோட்டுக்கு வந்தேன்.

வாசுதேவநல்லூர் தாண்டியதும் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஆரோக்கியம் வாங்கிக் கொடுத்த செருப்பு. தூக்கிப் போட மனம் வராமல் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். சிவகிரி போய்ச் சேர்ந்தபோது செருப்புக்கடை பூட்டியிருந்தது. மறுநாள் கடை திறக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. ராஜபாளையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். முட்டாள்தனம்தான். செத்துப்போனவள் திட்ட முடியாது என்கிற தைரியம்.

சேத்தூர் தாண்டி ஒரு பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். உடம்பு லேசாகக் காய்ந்தது. களைப்பு என்று நினைத்தேன். பக்கத்தில் தென்னந்தோப்பு. மனித நடமாட்டம் இல்லை. வழக்கமாக ஆரோக்கியம் இந்த மாதிரி இடத்தில்தான் காலை நீட்டுங்க என்பாள். எனக்குக் காலை நீட்டத் தோன்றியது. நீட்டினேன். பார்க்க ஆள் இல்லை.

அப்போதுதான் ஜெபம் பண்ணினேன். நல்ல ஜெபம் என்று சொல்ல முடியாது. கோபமாகத்தான் கேட்டேன். "தாயே, சுகம் கேக்கலை. ஆயுசு கேக்கலை. என் காலைப் பாக்க ஒரு ஆளு வேணும். அம்புட்டுத்தான்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. உலகத்தில் எத்தனை பேருக்கு எத்தனை கஷ்டம். ஒரு கிழவன் காலைப் பார்க்க ஆள் கேட்டு மாதாவைத் தொந்தரவு செய்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தேன்.

ராஜபாளையத்துக்குள் நுழையும்போது மலைப்பக்கமிருந்து தூறல் வந்தது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புக்கடை இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, குறுக்கே ஒரு தெருவில் திரும்பினேன். தூறல் மழையாகிவிட்டது. ஒரு வீட்டு முன்னால் தகரக் கூரை இறக்கியிருந்தார்கள். அதன் கீழ் ஒதுங்கினேன். துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதனால் ஜெபமாலை மறைந்துவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் குங்குமம். என்னைப் பார்த்ததும், "மலைக்கா சாமி?" என்று கேட்டார்.

எங்கள் பக்கம் மழையை மளை என்போம். அவர்கள் பக்கமும் அப்படித்தான். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் லகரம் எது, ளகரம் எது என்று யாருக்குத் தெரியும்? மழைக்காக ஒதுங்கினீர்களா என்று கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாம்மா, செத்த நேரம்" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். உட்காரச் சொன்னார். பிறகு ஒரு நீல பிளாஸ்டிக் டப்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, வேப்பிலையைப் போட்டு, என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் இடது காலை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்கு ஒதுங்கினவனுக்குக் காலையும் கழுவிவிடுகிற ஊரா இது? இத்தனை வருடம் இந்த ஊரில் பத்து நிமிடம் நின்று டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறேனே, தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தேன். ஆரோக்கியம் போன பிறகு என் காலை இன்னொரு மனிதக் கை தொட்டது அப்போதுதான்.

அவர் கழுவித் துடைத்துக்கொண்டே, மேலே போய்ச் சாமியைப் பார்க்கும்போது தன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி தீர வேண்டும் என்று சொல்லும்படி கேட்டார். மேலே எங்கே என்று கேட்டேன். "மலை மேலதான் சாமி" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பக்கத்தில் மலை என்று மொட்டையாகச் சொன்னால் சதுரகிரி. ஆவணி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. வத்திராயிருப்பு வழியாக அடிவாரம் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் நடப்பார்கள். அவர்களில் ஒருவன் என்று என்னை நினைத்துவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லாமல் கழுவிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் தன் வீட்டுக்காரரின் முதுகை நம்பி என்னிடம் கொடுத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நான் எந்த மலைக்குப் போவது? துண்டை விலக்கி ஜெபமாலையைக் காட்டினேன். "அம்மா, நான் மலைக்குப் போறவன் இல்லை. வேளாங்கண்ணி மாதாவுக்குப் போறேன். நீங்க மளைக்கான்னு கேட்டதா நெனச்சிட்டேன்" என்றேன்.

அவர் கை நின்றது. கையில் என் இடது கால் இருந்தது. அந்தச் சின்ன நேரத்தில் நான் எவ்வளவு பயந்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். திட்டிவிடுவார் என்று பயம் இல்லை. கையை எடுத்துவிடுவார் என்றுதான் பயம்.

அவர் சிரித்துவிட்டார். நான் காலை இழுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். இது நீங்கள் அந்தச் சாமிக்குச் செய்கிற நேர்த்தி, எனக்கு வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை.

"பாதியில விடப்படாது. மத்த காலையும் நீட்டுங்க" என்றார்.

வலது காலை நீட்டினேன். தண்ணீரில் வைத்தார். கழுவினார். கழுவியவர் காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரிடத்தை மெதுவாக அழுத்தினார். குனிந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது வலிக்கலையா உங்களுக்கு?"

சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டதைத்தான் நான் முதலில் கவனித்தேன். எது வலிக்கவில்லையா என்று கேட்டேன். விரல்களுக்குக் கீழே சதையில் பாட்டில் கண்ணாடித் துண்டு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கி, சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. வார் அறுந்த பிறகு எங்கோ மிதித்திருக்கிறேன். அதோடு சிவகிரிக்கு நடந்து, படுத்து, எழுந்து, ராஜபாளையம்வரை வந்திருக்கிறேன். காய்ச்சலைக் களைப்பு என்று நினைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஜானகி. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். வீட்டில் அந்தத் துணிதான் கிடந்தது. கண்ணாடியைத் தொடாமல், மேலாகச் சுற்றத் தொடங்கினார். அவர் வீட்டுக்காரர் ரெங்கசாமி பின்கட்டிலிருந்து வந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். காலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பட்டாளத்துல ஒரு நீள நடை முடிஞ்சா, ஆபீசரே வந்து ஒவ்வொருத்தன் காலையும் பாப்பாரு. பாக்காம படுக்க விடமாட்டாக. உங்க காலைப் பாக்க வீட்டுல ஆளு இல்லையா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

அவள் இறந்து அத்தனை மாதத்தில், அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத வீட்டு முன்னால், ஒரு காலை ஜானகி கையில் கொடுத்துவிட்டு, குழந்தை மாதிரி அழுதேன். ஜானகி துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "இப்பப் பாத்தாச்சுல்ல" என்று மட்டும் சொன்னார்.

பாலத்துக் கட்டைச்சுவரில் நான் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆள் கேட்டேன். ஆள் வந்துவிட்டது. ஆனால் மாதா அனுப்பிய ஆள் நெற்றியில் குங்குமத்தோடு, சதுரகிரிச் சாமிக்கு நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ரெங்கசாமி பைக்கில் என்னை நடுவில் உட்கார வைத்து, ஜானகி பின்னால் பிடித்துக்கொள்ள, மழையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடியை எடுத்து, சீழை வெளியேற்றிக் கட்டினார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னும் ஓரிரு நாள் இப்படியே நடந்திருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும், உயிருக்கே உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். படுக்கையில் சேர்க்க வேண்டும் என்றார்கள். கூட யார் என்று நர்ஸ் கேட்டார். எனக்குப் பழகிப்போன கேள்வி. தனியாத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "நாங்கதான். எங்க அண்ணாச்சி" என்று ஜானகி முந்திக்கொண்டார்.

மகள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். என்னைத் திட்டினாள். ஜானகியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேலை. திரும்பிப் போக வேண்டியிருந்தது. நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஜானகிதான் வேலைக்குப் போகிற வழியில் காலையில் இட்லியும், திரும்பும்போது ரசம் சோறும் கொண்டுவந்தார்.

ஒரு நாள் நான் அவரிடம் கேட்டேன், கழுவுகிறவர்கள் கழுவிவிட்டு விடுவார்கள், நீங்கள் ஏன் காலைத் திருப்பிப் பார்த்தீர்கள் என்று. அவர் டிபன் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்கத்தில், திருவண்ணாமலை என்றே பெயர் கொண்ட குன்றில் இருக்கும் பெருமாளுக்கு நடந்து போகிறவர்களின் காலைக் கழுவுவது அவருடைய அப்பாவின் வழக்கம். அவரிடமிருந்து வந்ததுதான் இவருக்கும்.

"எங்கய்யாவுக்கும் சீனிதான் அண்ணாச்சி. ஊரு காலெல்லாம் கழுவுன மனுசன். அவிய காலை நாங்க ஒருத்தரும் பாக்கலை. முழங்காலோட எடுத்தாக. பொறவு ரொம்ப நாள் இல்லை" என்றார். அதன்பிறகு யார் காலைக் கழுவினாலும் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லையாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேளாங்கண்ணி போவது நடக்காது. கழுத்தில் ஆரோக்கியத்தின் ஜெபமாலை அப்படியே இருந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்ததை ரெங்கசாமி பார்த்திருக்கிறார். யார் யாரிடமோ போனில் விசாரித்து, செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வேளாங்கண்ணிக் கூட்டம் தாமதமாக வருகிறது, நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும் என்று கண்டுபிடித்தார். மடவார் வளாகத்து வீட்டில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறுநாள் மதுரை ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலி, முக்காலி, நீல டப்பு எல்லாம் வந்து இறங்கின.

கூட்டம் வந்தது. சப்பரத்தில் மாதா, பின்னால் காவியும் களைப்புமாக ஜனங்கள். நான் கட்டுப்போட்ட காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜானகி தண்ணீர் மொண்டு கொடுத்தார். குங்குமம் வைத்த பெண் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களை உட்காரச் சொல்வதைப் பார்த்துச் சிலர் தயங்கினார்கள். களைத்த காலுக்கு ரொம்ப நேரம் தயங்கத் தெரியாது. உட்கார்ந்துவிட்டார்கள்.

என் வயதில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். பாதம் முழுக்க வெடிப்பு. ஒரு காலைக் கழுவியதும், போதும் அண்ணாச்சி, உங்களுக்கே கால் சரியில்லை என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"மத்த காலையும் நீட்டுங்க" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததும் ஜானகி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு காலையும் கழுவி, திருப்பிப் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த ஜெபமாலையை அவரிடம் கொடுத்தேன். மாதாவின் காலடியில் வைத்து, ஆரோக்கியம் என்று பெயர் சொன்னால் போதும் என்றேன். அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது கேட்டார், "தனியாவா வந்திருக்கீங்க?"

பின்னால் ஜானகி டப்பில் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். ரெங்கசாமி முதுகைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லைம்மா. வீட்டாளுகளோட வந்திருக்கேன்" என்றேன்.

அன்பானவர்களே, என் வீடு இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. டிவி இப்போதும் ஆளில்லாத அறையில் ஓடுகிறது. தனிமை போய்விட்டது என்று உங்களிடம் பொய்ச் சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஜானகியோடு உட்காருகிறேன். பெருமாளுக்குப் போகிறவன் காலை நீ கழுவலாமா என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். அவர்களில் ஒருவர் காலை நீட்டச் சொன்ன பிறகுதான் என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வேறு பதில் எனக்குத் தெரியாது.

பெரிய வியாழனன்று நம் கோவிலில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் அவர்கள் காலைக் கழுவுவார். நானும் ஒரு முறை அந்தப் பன்னிரண்டு பேரில் இருந்திருக்கிறேன். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் போனேன். சாமியார் வலது காலை மட்டும் கழுவி, துடைத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போய்விட்டார். முறை அதுதான், தப்பில்லை. ஆனால் வெளியே ரோட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு காலோடு நிறுத்திவிடாதீர்கள். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தவரையும் பானைத் தண்ணீர் கொடுத்தவரையும் நான் மறக்கவில்லை, அவர்களுக்காக ஜெபிக்கிறேன். என்னைக் காப்பாற்றியது அதற்கு மேல் ஒரு படி போன கை. நம் பங்கிலேயே துணையில்லாமல் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு அவசரமாக நகர்ந்துவிடாமல், கொஞ்சம் உட்காருங்கள். தனியாக இருக்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். சின்ன ஆசை, வெட்கமான ஆசை என்று பார்க்காமல் தாயிடம் கேளுங்கள். அவர் அனுப்பும் ஆள் எந்த வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாலும் காலை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

தினமும் சாயங்காலம், ஜெபம் முடிந்ததும் எனக்கு வீடியோ கால் வரும். நான் நாற்காலியில் உட்கார்ந்து, போனைத் தரையில் சாய்த்து வைத்து, வலது காலைக் காட்டுவேன். ஜானகி கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரல் விரலாகப் பார்ப்பார். காயம் ஆறி, தழும்பு மட்டும்தான் இருக்கிறது. அது ஒன்றுதானே கெட்டுப்போன கால் என்று, பார்த்து முடித்ததும் போனை எடுக்கக் குனிவேன். அதற்குள் அங்கிருந்து குரல் வந்துவிடும்.

"இருங்க அண்ணாச்சி. மத்த காலு?"